ஜெபராணி கொடுத்த ஜெப விண்ணப்பம்

எங்க பக்கத்து வீட்டு ஜெபராணி கெட்டவ இல்ல. அதை மொதல்லயே சொல்லிடறேன், அப்புறம் எம்மேல பாயாதீங்க. காலையில இருந்து ராட்டையில பட்டு நூல் சுத்திகினு, வாயில கீர்த்தனை முணுமுணுத்துகினு கெடப்பா. ஒரே பொண்ணு லீலா. எண்பத்து மூணுல அதுக்குப் பதினேழு வயசு, டைப்ரைட்டிங் கிளாசுக்குப் போய்கினு இருந்தது.

எங்க சபையில மத்த அம்மாமாருங்க, பொண்ணு ஒரு பையன் பேரைச் சொன்னாலே வெளக்கமாத்தைத் தூக்குவாங்க. ஜெபராணி அப்படி இல்ல. எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லும்மா, திட்ட மாட்டேன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்தா. லீலாவும் நம்பிச் சொல்லிட்டா. கூட டைப் அடிக்கிற அருணகிரி சினிமாவுக்கு வர்றியான்னு கேட்டானாம். இவளுக்கும் அவனைக் கொஞ்சம் பிடிச்சிருக்காம். என்ன பதில் சொல்றதுன்னு நீயே சொல்லும்மான்னு கேட்டிருக்கா. எந்தப் பொண்ணு இப்படிக் கேக்கும்? ஜெபராணியும் சொன்ன மாதிரியே திட்டல. அவன் வேற மதம், உனக்கும் சின்ன வயசு, இப்ப வேணாம்னு பதமாத்தான் சொன்னா. லீலாவும் சரின்னுட்டா. அதோட முடிஞ்சிருக்கணும்.

எங்க முடிஞ்சது? வியாழக்கிழமை எங்க வீட்டுல பெண்கள் ஜெபக்கூட்டம். போதகரோட சம்சாரம், ஐயரம்மான்னு கூப்பிடுவோம், யாருக்கு என்ன விண்ணப்பம்னு கேட்டாங்க. ஒருத்தி மூட்டு வலின்னா. ஒருத்தி புருஷன் குடிக்கிறான்னா. இந்த மகராசி எழுந்து, எம் பொண்ணுக்காக வேண்டிக்கோங்கன்னு அத்தனையும் கொட்டிட்டா, பையன் பேரோட. ஜெபத்துக்குன்னு சொன்னா அது ஊர்வம்பு ஆகாதுன்னு அவ நெனப்பு. ஐயரம்மாவுக்கோ வெண்கலத் தொண்டை. லீலாவை அந்த அருணகிரிகிட்ட இருந்து விடுவியும் ஆண்டவரேன்னு அவங்க ஜெபிச்சது, எதிர்வீட்டுல தறி நெய்றவங்க வரைக்கும் கேட்டுச்சு.

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் சபைக் கோயில்ல ஆளாளுக்கு லீலா தலையில கை வச்சு, உனக்காக ஜெபிக்கிறோம்மான்னாங்க. எதுக்குன்னு புரிஞ்சதும் அந்தப் பொண்ணு மூஞ்சி செத்துப்போச்சு. கிளாசுக்குப் போறதையும் நிறுத்திட்டா. வீட்டுக்கு வந்து அம்மாவை ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாளாம்.

"நீ தனியா சொல்லியிருந்தா ஆண்டவருக்குக் கேட்டிருக்காதாம்மா?"

ஜெபராணி கூனிக் குறுகிப் போயிட்டா. பொண்ணு கையைப் பிடிச்சுகினு, மன்னிச்சிடுன்னு அழுதா. மன்னிச்சிட்டேன்னுதான் லீலாவும் சொன்னா. ஆனா அதுக்கப்புறம் சாப்பிட்டேன், போறேன், வர்றேன், அவ்ளோதான் பேச்சு. தெள்ளார்ல மாப்பிள்ளை அமைஞ்சப்ப, பிடிச்சிருக்காம்மான்னு இவ பயந்து பயந்து கேட்டா. உங்க இஷ்டம்னுட்டா அவ.

கல்யாணம் ஆன மறுவருஷம், பஸ் ஸ்டாண்டுல நானும் ஜெபராணியும் நிக்கிறோம், லீலாவோட மாமியார் எதிர்ல வந்தாங்க. பொண்ணு முழுகாம இருக்கிறதால இனிமே பஸ்ஸுல அனுப்ப மாட்டேன், கோச்சுக்காதீங்க சம்மந்தின்னு சிரிச்சாங்க. போன வாரம்தான் லீலா வந்து ரெண்டு நாள் தங்கிட்டுப் போயிருந்தா. ஒரு வார்த்தை சொல்லல. ஜெபராணி மூஞ்சியில ஈயாடல. ஆமாங்க, லீலா சொன்னான்னு தலையைக் குனிஞ்சுகினே பொய் சொன்னா.

அந்தம்மா போனதும் எனக்கு ஆத்திரம் தாங்கல. பெத்தவகிட்ட மறைக்கிற விஷயமா இது, வா, இப்பவே தெள்ளாருக்குப் போய் அவளை நாலு கேள்வி கேக்கலாம்னு கிளம்பினேன். ஜெபராணி என் கையை இறுக்கிப் பிடிச்சுகினா.

"வேணாம் ராஜம். அவளா வந்து சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியாது. எம் புருஷன்கிட்டகூட சொல்ல மாட்டேன். நீயும் வாயைத் திறக்காத."