"என்ன மைக் பாவிக்கிறீங்க, மிஸ்?"

இந்தக் கேள்விக்கான பதில், போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நடந்தது. ரத்தோட்டைக்கு மேலே, மலைச்சரிவில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயம் இருக்கிறது. அறை வீடுகளான காம்பராக்களின் வரிசையில் கடைசி எங்களுடையது. வீட்டின் பின்பக்கம் மண்மேடு. கூரைத் தகரத்தின் விளிம்பு மேட்டில் நிற்பவர்களின் இடுப்பளவுக்குத்தான் வரும். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. அம்மா பெருவிரல் அடையாளம் வைப்பவர். அப்பா தன் பெயரை மட்டும் எழுதுவார். நான் மாத்தளை டவுனுக்குத் தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் உயர்தரத்தில் கணிதம் படித்தேன். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டு வீட்டில் காத்திருந்த காலத்தில்தான் இணையத்தில் கணிதப் பாடச் சேனல் தொடங்கினேன்.

பெரிய திட்டமெல்லாம் இல்லை. தோட்டப் பாடசாலையின் கணித ஆசிரியர் மாற்றலாகிப் போனார், அவருக்குப் பதிலாக எவரும் வரவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக எங்கள் வாசலுக்கு வந்து ஒரே கணக்கைக் கேட்டார்கள். ஒரு தடவை சொல்லிப் பதிவு செய்துவிட்டால் எல்லோரும் பார்க்கலாமே என்று நினைத்தேன். கழற்றிப் போட்ட பழைய கதவுப் பலகைக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். போனை நிறுத்த ஸ்டாண்ட் வாங்க வழியில்லை. கதிரை மேல் பால்மா டின், டின் நிறைய அரிசி, அரிசிக்குள் நட்டு வைத்த போன், அவ்வளவுதான் என் ஸ்டுடியோ. முதல் வீடியோவில் என் தலையே இல்லை. கழுத்தும் சோக்கும் மட்டும் பாடம் நடத்தின.

அதைப் பார்த்தவர்கள் என் மச்சாள்மார் மட்டும்தான். அடுத்ததையும் அவர்கள்தான் பார்த்தார்கள். ஆனாலும் விடவில்லை. வீடியோவைச் சிறியதாக்கக் கற்றுக்கொண்டேன். வெளிச்சம் முகத்தில் மென்மையாக விழ, பின் ஜன்னலுக்கு அம்மாவின் வெள்ளைச் சேலையைக் கட்டினேன். ஒருநாள் கலேவெலயிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பிள்ளை, 'மிஸ், பின்னம் இவ்வளவு லேசா?' என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரியை அம்மாவுக்கு எத்தனை தடவை வாசித்துக் காட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதற்குப் பிறகு சேனல் மெல்ல மெல்ல வளர்ந்தது.

சத்தம்தான் தீராத தலைவலி. லயத்தில் காம்பராக்களுக்கு நடுவே உள்ள சுவர் கூரை வரை போகாது. நாலாவது காம்பராவில் வெங்காயம் தாளித்தால் நான் இருமுவேன். பக்கத்துக் காம்பரா அக்கா தன் ஆட்டை ஏசுவது ஒரு வீடியோவில் தெளிவாகப் பதிவாகி, பாடத்தைவிட அதற்குத்தான் அதிகம் சிரித்திருந்தார்கள். நடுக் காம்பரா அண்ணனிடம் ஆளுயர ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. அதைக் குறைக்கச் சொல்லி நான் போவதும், அவர் குறைப்பதுபோல் கையை வைத்துவிட்டு நான் திரும்பியதும் கூட்டுவதும் வழக்கமாகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் பல்லேகமவிலிருந்து ஒரு பிள்ளையின் செய்தி வந்தது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. கணிதம் தலையில் ஏறவில்லை, பரீட்சைக்குப் போகாமலே இருந்துவிடப் போகிறேன், வீட்டிலும் சரி என்று சொல்லிவிட்டார்கள், இதுவரை கற்றுக்கொடுத்ததற்கு நன்றி என்று எழுதியிருந்தாள். சண்டை பிடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. நன்றி சொல்லி விடைபெறுகிறாளே என்பதுதான் என்னைத் தூங்க விடவில்லை. எதில் தடுக்குகிறது என்று கேட்டேன். வட்டம் என்றாள். ஒரு வில் மையத்தில் அமைக்கும் கோணம், பரிதியில் அமைக்கும் கோணத்தின் இரண்டு மடங்கு என்று புத்தகத்தில் இருக்கிறது, ஏன் இரண்டு மடங்கு, யார் அப்படி முடிவு செய்தது என்று கேட்டிருந்தாள். இப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கா கணிதம் வராது?

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நேரலை போடுகிறேன், நீ கேள், நான் அங்கேயே பதில் சொல்கிறேன், அதன் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் நான் எதுவும் பேசமாட்டேன் என்று எழுதினேன். அதுவரை நான் நேரலை செய்ததே இல்லை.

அந்த வாரம் லயம் முழுக்கப் போய், ஞாயிறு மூன்று மணிக்கு மட்டும் சத்தம் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். எதற்கு என்று கேட்டவர்களுக்குப் பல்லேகமப் பிள்ளையின் கதையையும் சொன்னேன். ஸ்பீக்கர் அண்ணன், "மினிஸ்டர் வாராரோ?" என்றார். பக்கத்துக் காம்பரா அக்கா, "ஏன்டி டீவிக்காரி, ஆட்டுக்கும் ஒரு நோட்டீஸ் குடுத்துரு" என்றார். இஸ்தோப்புத் திண்ணையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வந்தேன். உள்ளுக்குள் பயம்தான்.

ஞாயிறு வந்தது. கொழுந்து நிறைந்திருந்ததால் அம்மா உட்படப் பாதி லயம் அன்றன்றே கிடைக்கும் கைக்காசுக்குப் பறிக்கப் போயிருந்தது. மற்றவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். ஸ்பீக்கர் வாய் திறக்கவில்லை. ஆடுகூட எங்கேயோ போயிருந்தது. மூன்று மணிக்குத் தொடங்கினேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். பல்லேகமப் பிள்ளையும் வந்து, 'இருக்கிறேன் மிஸ்' என்று எழுதினாள். நான் அவள் கேள்வியை எல்லோருக்கும் வாசித்துவிட்டு வட்டத்தை வரைந்தேன். மையத்தைக் குறித்தேன்.

அப்போது மழை தொடங்கியது.

தகரக் கூரைக்குக் கீழே வாழாதவர்களுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்லி விளக்க முடியாது. தலைக்கு மேல் ஒரு லொறி ஜல்லியைக் கொட்டிக்கொண்டே இருப்பது போல இருக்கும். பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. 'ஒண்ணும் விளங்கல மிஸ்', 'ஒரே இரைச்சல்' என்று திரையில் வரிகள் ஓடின. நான் கத்தினேன். கேக்குதா, இப்ப கேக்குதா என்று தொண்டை கிழியக் கேட்டேன். வேறு இடத்துக்குப் போகவும் முடியாது. எங்கள் லயத்தில் பின் ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் நிற்கும். பலகையில் எழுதிக் காட்டினேன். ஆனால் ஏன் என்ற கேள்விக்கு எழுத்தால் மட்டும் எப்படிப் பதில் சொல்வது? பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். திரையின் மூலையில் இருந்த எண் குறைந்துகொண்டே வந்தது. பல்லேகமப் பிள்ளை எழுதினாள்: 'பரவாயில்ல மிஸ். எனக்குக் கணக்கு குடுத்து வைக்கல போல.'

போகாதே, போகாதே என்று நான் கத்தியதுகூட அவளுக்குக் கேட்டிருக்காது.

அதன் பிறகுதான் அது நடந்தது. ரேடியோவின் சத்தத்தை யாரோ மெதுவாகத் திருகிக் குறைப்பது போல மழை குறைந்தது. அதுவும் ஒரே தடவையில் இல்லை. முதலில் ஜன்னல் பக்கம் அடங்கியது, பிறகு என் தலைக்கு மேல், பிறகு பலகைப் பக்கம். கடைசியில் தூரத்தில் எங்கோ யாரோ முறத்தில் அரிசி புடைப்பது போன்ற ஓசை மட்டும்தான் மிஞ்சியது. ஜன்னலைச் சேலை மறைத்திருந்ததால் வெளியே எனக்கு எதுவும் தெரியவில்லை. மழை விட்டுவிட்டது, கடவுள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "பல்லேகமத் தங்கச்சி, இருக்கியா?" என்று கேட்டேன்.

'இருக்கிறேன் மிஸ். இப்ப கேக்குது.'

பரிதியிலுள்ள புள்ளியிலிருந்து மையத்துக்குக் கோடு போட்டு, அதை அப்படியே நீட்டினேன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முக்கோணிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கங்கள் ஆரைகள், அதனால் சமம். பக்கம் சமமென்றால் கோணமும் சமம். வெளிக்கோணம் அந்தச் சமமான இரண்டையும் கூட்டினால் வருவது. அப்படியென்றால் என்ன என்று அவளிடமே கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். வெளியேறியவர்களில் சிலர் திரும்பி வந்திருந்தார்கள், அவர்களும் காத்திருந்தார்கள். அவள் எழுதினாள்: 'ஒரே கோணம் ரெண்டு தடவ வருது. அதுதான் ரெண்டு மடங்கு. யாரும் முடிவு செய்யல மிஸ், அது அப்படித்தான் இருக்குது.'

அதை நான் சத்தமாக வாசித்தேன். வேறொரு கணக்குக் கொடுத்தேன், அதையும் செய்தாள். முடிக்கும் நேரம், 'நான் பரீட்சைக்குப் போறேன் மிஸ்' என்று எழுதினாள். கண்ணீரில் திரை மங்கலாகிவிட்டதால் அதை மட்டும் என்னால் சத்தமாக வாசிக்க முடியவில்லை. நன்றி சொல்லி நேரலையை முடித்தேன்.

காற்று வாங்கலாமென்று கதவைத் திறந்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

விடவே இல்லை. எதிர்மலை தெரியாத அளவுக்கு அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் காம்பராவின் தகரம் அதிர்கிறது, எங்கள் தகரம் மட்டும் பேசாமல் இருக்கிறது. நனைந்துகொண்டே வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினேன்.

மேட்டின் மேல் லயமே நின்றுகொண்டிருந்தது. கொழுந்து பறித்துவிட்டு வந்தவர்கள் வீட்டுக்குள்கூடப் போகவில்லை. மழைக்கு இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குத் துணிகளை அவிழ்த்து எங்கள் கூரையில் விரித்திருந்தார்கள். அவற்றுக்கு மேல் கோணிச் சாக்கு, பழைய கம்பளி, பாய் எல்லாம் கிடந்தன. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு மெத்தை. ஸ்பீக்கர் அண்ணன் கல்யாணத்துக்கு வாங்கிய மெத்தை அது, தண்ணீரைக் குடித்து ஊதிப்போய்க் கிடந்தது. சரிவில் வழுக்கிவிடாதபடி ஆளுக்கொரு நுனியைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தலையிலிருந்து தண்ணீர் வழிகிறது, ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சத்தம் இல்லை. ஜன்னலுக்கு மேலிருந்த நுனியை என் அம்மா பிடித்திருந்தார்.

முடிந்துவிட்டது என்று கையால் காட்டினேன். அதற்குப் பிறகும் சில நொடிகள் யாரும் விடவில்லை. முதலில் வாயைத் திறந்தது அம்மாதான்.

"அந்தப் பல்லேகமப் புள்ள பரீட்சைக்குப் போகுதாமா?"

நான் சத்தமாக வாசிக்காமல் விட்ட வரி அது. மற்றதையெல்லாம் கூரைக்கு மேலிருந்தே கேட்டிருக்கிறார்கள். "போறாளாம்மா" என்றேன். மேட்டில் நின்ற அத்தனை பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். அதற்குப் பிறகுதான் பேச்சும் சிரிப்பும் தொடங்கின. மெத்தையைத் தூக்கப் போன ஸ்பீக்கர் அண்ணனைப் பார்த்து, இன்றைக்கு அண்ணி உங்களை வீட்டுக்குள் விடப்போவதில்லை என்று யாரோ சொல்ல, அவர் மெத்தையைப் பிழிய முயன்றார்.

கல்லை வைத்துவிட்டுப் போயிருக்கலாமே, இப்படி நின்று நனைய வேண்டுமா என்று பக்கத்துக் காம்பரா அக்காவிடம் கேட்டேன். கல் தகரத்தில் பட்டால் டங்கென்று சத்தம் வராதா என்று திருப்பிக் கேட்டார். சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி அவர் சொன்னது இப்போதும் என் காதில் இருக்கிறது.

"மழக்காலத்துல புள்ள பொறந்தா அந்தக் காம்பராவுக்குச் சாக்குப் போடுறதுதானே. எம்புள்ளைக்கும் போட்டாங்க, ஒனக்கும் போட்டோம். இன்னைக்கு நீ உள்ளுக்கு எத்தன புள்ளைங்கள வச்சிக்கிட்டு இருந்த."

எங்கள் லயத்தில் அது வழக்கம்தான். தொட்டில் கட்டிய இடத்துக்கு மேலே, பிள்ளை மழைக்குத் திடுக்கிட்டு எழும்பாமலிருக்கச் சாக்கு விரிப்பார்கள். நான் பிறந்ததும் ஒரு மழைக்காலத்தில்தான். அந்தச் சாக்குகளுக்கு அடியில்தான் நானும் தூங்கியிருக்கிறேன் என்று அன்றுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

இன்று என் சேனலைக் கணிசமான பிள்ளைகள் பார்க்கிறார்கள். போனுக்கு ஸ்டாண்டும் வந்துவிட்டது. பல்லேகமப் பிள்ளை பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று, வட்டக் கணக்கு வந்தது மிஸ், ஏன் என்றும் எழுதினேன் என்று செய்தி அனுப்பினாள். அந்த நேரலையை நான் வெட்டாமல் அப்படியே வைத்திருக்கிறேன். முதலில் காதை அடைக்கும் மழை, என் கத்தல், பிறகு அந்தச் சத்தம் பக்கம் பக்கமாக அடங்குவது, எல்லாமே அதில் இருக்கிறது. புதிதாகச் சேனல் தொடங்குகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, 'என்ன மைக் பாவிக்கிறீங்க, மிஸ்? இரைச்சலை எப்படி இவ்வளவு சுத்தமா எடுத்தீங்க?' என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பதில் எழுத உட்காருகிறேன். என் குரல் பல்லேகம வரை போய்ச் சேருவதற்காக வாயைத் திறக்காமல் மழையில் நின்றவர்களின் கைகள் கண்முன் வந்துவிடுகின்றன, அதற்கு மேல் ஒரு சொல்லும் எழுத வருவதில்லை.