வெள்ளிக்கிழமை இரைப்பு

நர்ஸிங் படிக்கப் போன பெண்ணைக் கண்டால் ஊரே கையை நீட்டும். பாளையங்கோட்டையிலிருந்து விடுமுறைக்கு வந்து சங்கரன்கோவிலில் பஸ்ஸை விட்டு இறங்கினால், பெட்டியை வீட்டில் வைக்கும் முன்பே தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி, "நர்ஸம்மா, இந்த நாடியக் கொஞ்சம் பாத்துட்டுப் போங்க" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். அந்த இரண்டாம் வருடத்தில் நான் உருப்படியாகக் கற்றிருந்தது, கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் போடுவதும், கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைப்பதும், ஒரு தந்திரமும்தான்.

அந்தத் தந்திரம் இது. நோயாளியின் மூச்சை எண்ணுகிறோம் என்று அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மூச்சு தானாக மாறிவிடும். ஆகவே நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சின் மேல் வைக்க வேண்டும்.

அந்த விடுமுறையில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒரு நோயாளியைத் தேர்ந்துகொண்டு, நோய் எப்போது வருகிறது, அதற்கு முன் என்ன நடந்தது என்று கவனித்து வர வேண்டும். வைத்தியம் எதுவும் செய்யக் கூடாது. நான் ஆளைத் தேடி அலையவில்லை. அண்ணன் மகளுக்கு அப்போது ஆறு வயது. அடிக்கடி மூச்சிரைக்கும். டாக்டர் ஊசி போட்டால் அடங்கும், திரும்பவும் வரும். டீச்சர் பயந்துபோய் பாதிநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். லீவு முடிந்தாலும் இனிப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று குழந்தையின் அம்மா, என் மதினி, முடிவே செய்துவிட்டாள்.

"மூச்சு விட்டாப் போதும். படிச்சுக் கிழிக்க வேண்டாம்" என்றாள். குழந்தை சிலேட்டைக் கட்டிக்கொண்டு அழுதது.

குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது என்னைவிடக் கெட்டி. "ஏன் அத்தை, கையப் பிடிச்சிக்கிட்டு சட்டையவே பாக்கீங்க?" என்று கேட்டது. ஆஸ்பத்திரியில் ஒருவர்கூட என்னை அப்படிப் பிடித்ததில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மதினி குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, வெந்நீரில் தலை குளிப்பாட்டினாள். அடுப்பிலிருந்து நெருப்புக் கங்குகளை எடுத்துச் சட்டியில் போட்டு, சாம்பிராணியைத் தூவி, அதன்மேல் ஓலைக்கூடையைக் கவிழ்த்து, குழந்தையின் ஈரமுடியைக் கூடையின்மேல் விரித்தாள். இதெல்லாம் எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் நடப்பதுதான். ஆனால் மதினி கதவையும் ஜன்னலையும் இறுகச் சாத்தினாள். இரைப்புக்குக் காரணம் தலையில் நிற்கும் ஈரம் என்று அவள் பிறந்த கரிவலம்வந்தநல்லூரில் சொல்லியிருந்தார்கள். ஈரம் போகப் புகை வேண்டும், காற்றும் படக் கூடாது. இரைப்பு கூடக்கூட மதினி சாம்பிராணியையும் கூட்டிக்கொண்டே போயிருந்தாள். புகையில் எனக்கே கண் எரிந்தது. மத்தியானம் குழந்தையின் நெஞ்சில் விசில் ஊத ஆரம்பித்தது. அடுத்த வெள்ளியும் அப்படியே ஆனது.

என் வாய் சும்மா இருக்குமா? "ஈரம் ஒண்ணும் பண்ணல மதினி. நீங்க போடுத புகைதான் இரைப்பக் கொண்டுவருது" என்றேன்.

மதினியின் முகம் செத்துப்போயிற்று. "எம் பிள்ளைய நானே கொல்லுதேன்னு சொல்லுதியா? ரெண்டு வருசம் படிச்சிட்டு வந்து எனக்குப் பிள்ள வளக்கச் சொல்லித் தாரியோ?"

அண்ணன் தறிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். "மொதல்ல நீ நர்ஸாயிட்டு வாட்டி. பெறவு பேசு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மதினி அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாள். சோறு போடுவாள், முகம் பார்க்க மாட்டாள். எனக்கும் வீம்புதான். ஆனால் பள்ளிக்கூடம் திறக்கும் நாள் வந்துகொண்டிருந்தது.

அதற்கடுத்த வெள்ளி காலையில் நானே இறங்கிப் போனேன். "மதினி, இந்த ஒரு வாட்டி நான் குளிப்பாட்டுதேன். இரைச்சா ஒங்க காலப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கேன்" என்றேன். மதினி எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

அதே எண்ணெய், அதே சீயக்காய், அதே வெந்நீர். ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது என்று தெரியும் என்பது பாடத்தில் படித்தது. புகைக்குப் பதில் துண்டால் துவட்டி, மொட்டை மாடி வெயிலில் உட்கார வைத்தேன். மதினி என்னைப் பிடிக்கக் காத்திருக்கும் போலீஸ் மாதிரி மாடிப்படியிலேயே இருந்தாள். மத்தியானம் ஆனது. குழந்தை இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கித் தின்றது. சாயங்காலம் தெருவில் கட்டம் கீறிப் பாண்டி ஆடியது. நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன், விசில் இல்லை. அடுத்த வெள்ளியும் இல்லை.

இரைப்பு அதோடு ஒழிந்துவிடவில்லை. மார்கழிப் பனிக்கும், அண்ணன் சட்டையில் ஒட்டிவந்த பஞ்சுத் தூசிக்கும் பிற்பாடும் வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை இரைப்பு நின்றது.

அந்த இரண்டாவது வெள்ளி சாயங்காலம் மதினி வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். ஜெயித்த மிதப்பில் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இனி பள்ளிக்கூடம் அனுப்பலாம்லா மதினி?" என்று கேட்டேன்.

அவள் சரியென்று தலையை ஆட்டினாள். நாரைக் கீழே வைத்தாள். "திணறிக்கிட்டுக் கெடந்தவளப் பிடிச்சு அமுக்கி அமுக்கிப் புகையக் காட்டுனேனே... எத்தன வெள்ளிக்கிழம..." என்றவள் அதற்குமேல் பேச முடியாமல் விக்கி விக்கி அழுதாள். தோளும் நெஞ்சும் தூக்கித் தூக்கிப் போட்டன. என் மிதப்பெல்லாம் எங்கே போயிற்றோ. இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை.

தெருவில் ஆடிக்கொண்டிருந்த குழந்தை ஓடிவந்தது. என்னை ஒருதரம் பார்த்தது. பிறகு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை அவள் நெஞ்சின் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றது.

"அத்தை, அம்மைக்கும் இரைக்கு" என்றது. "நான் போயி சாம்பிராணி எடுத்துட்டு வாரேன்."

உள்ளே ஓடப்போனவளின் பாவாடையை எட்டிப் பிடித்து மதினி மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வேண்டாம்ட்டி" என்றாள். "அம்மைக்குப் புகை வேண்டாம். நீ இங்கனயே இரி."