மாப்பிள்ளையின் பழுதுபார்ப்பும் தங்கையின் நேர்காணலும்

ஆகஸ்டு பதினான்காம் நாள், வியாழக்கிழமை. விடிந்ததிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. மழை மட்டும் பெய்யவில்லை. முற்பகலிலேயே விளக்குப் போடவேண்டிய அளவுக்கு இருட்டு. அன்றுதான் என் தங்கைக்கு நேர்காணல்.

குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு, வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளரின் தொலைபேசிப் புகார்களைக் கேட்டுப் பதில் சொல்ல ஆள் தேவைப்பட்டது. தங்கை பல ஆண்டுகள் ஒரு மரச்சாமான் கடையில் தொலைபேசி அருகே அமர்ந்து வேலை பார்த்தவள். கடை மூடப்பட்ட பிறகு அவள் போட்ட விண்ணப்பங்களுக்கெல்லாம், ஐம்பதைக் கடந்த வயதைப் பார்த்தோ என்னவோ, பதிலே வரவில்லை. இந்த ஒரு நிறுவனம்தான் கணினி வழியாகப் பேசிப் பார்க்கச் சம்மதித்திருந்தது.

ஆனால் நான் எழுத வந்தது அவளைப் பற்றியன்று. அவள் கணவரைப் பற்றி.

மாப்பிள்ளை மருந்து மொத்த வணிகக் கடையொன்றில் கணக்கு எழுதுபவர். பகலில் பேனா, மாலையில் ஸ்குரூடிரைவர். மூச்சு நின்ற மிக்சிகள், தலை போன டார்ச்சுகள், பிறர் தூக்கியெறிந்த செல்போன்கள் ஆகியவற்றால் வீட்டின் பின்னறை நிறைந்திருந்தது. அவ்வீட்டில் எந்தப் பொருளும் தன் சொந்த உறுப்போடு இயங்குவதில்லை. மின்விசிறியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், பற்பசைக் குழாயின் மூடி. அழைப்புமணிக்குள் பொம்மைக் காரின் மோட்டார். பொத்தானை அழுத்தினால் மணி ஒலிக்காது, உறுமும். வந்தவர்கள் நாய் இருக்கிறதென்று நினைத்துத் தெருவிலேயே நின்றுவிடுவார்கள்.

தம்மைப் பற்றி அவருக்குத் தவறான எண்ணம் ஏதும் கிடையாது. "நான் கை வெச்சா ஒரு பொருள் பிழைக்கும் மச்சான், ரெண்டு பொருள் போய்ச் சேரும்" என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமிதம் தெரியும்.

பழசைப் பிரிப்பதோடு அவர் நிற்பதில்லை. மலிவு விலையில் வரும் புதுப் பொருள்களையும் வாங்குவார். அவற்றை வீட்டார் கையில் கொடுப்பதற்குமுன் யாராவது ஒருவர்மீது சோதிக்க வேண்டும் என்பது அவருடைய விதி. அந்த ஒருவர் நான். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றவன், பக்கத்துத் தெருவில் குடியிருப்பவன், கூப்பிட்டால் வருபவன். சோதனைக்கு இவ்வளவு தகுதி போதாதா? மீசை கத்தரிக்கும் கருவி பாதி வழியில் உயிர்விட்டதால், ஒருபக்க மீசையோடு நான் ஓர் இரங்கற்கூட்டத்துக்குத் தலைமை தாங்கியிருக்கிறேன். இரத்த அழுத்தமானி ஒன்று எனக்கு நாடியே இல்லையென்று அறிவித்தது. அதற்கும் நான் நூற்றுக்கு அறுபது மதிப்பெண் வழங்கினேன். யாரையும் தோல்வியுறச் செய்யாமல் பழகிய கை.

நேர்காணலுக்கென்று அவர்கள் மகள் புதிய லேப்டாப் வாங்கித் தருவதாகச் சொன்னாள். மாப்பிள்ளை மறுத்துவிட்டார். "எதுக்கும்மா தண்டச்செலவு? எங்கிட்ட இல்லாததா?"

அவரிடம் இருந்தது இதுதான்: மூட்டு உடைந்து, இரண்டு அகராதிகளின்மேல் சாய்ந்து நிற்கும் ஒரு லேப்டாப். அது பேசாது, கேட்காது. பேசுவதற்குப் பழைய வானொலியின் ஒலிபெருக்கியை இணைத்தார். வெளிச்சத்துக்கு எமர்ஜென்சி விளக்கு. கேட்பதற்கு, சட்டையில் மாட்டிக்கொள்ளும் மலிவான காலர் மைக். ஒரு பெட்டிக்குள் இரண்டு மைக் இருந்தன. இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

காலையில் வழக்கம்போல் எனக்கு அழைப்பு வந்தது. ஒரு மைக்கை என் சட்டைப்பையில் மாட்டி, என்னை வீடு முழுவதும் நடக்கவிட்டார். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று தெளிவாக உச்சரித்துக்கொண்டே நடந்தேன். குளியலறையிலிருந்து பேசியதும் கேட்டது என்றார். தொண்ணூறு மதிப்பெண் வழங்கினேன்.

மற்றொரு மைக்கைத் தன் புடவையில் மாட்டிக்கொண்ட தங்கை எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் சமையலறைக்குப் போங்க. கதவைச் சாத்திக்குங்க. வாயைத் திறக்கக் கூடாது. அண்ணா, முக்கியமா நீங்க."

போனோம். கதவைச் சாத்தினோம். முதலிரண்டு கட்டளைகளை ஒழுங்காக நிறைவேற்றினோம் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

"மச்சான், அந்த லைட்டு தாங்குமா?" என்று மெல்லக் கேட்டார் மாப்பிள்ளை.

"நீங்கதானே செஞ்சீங்க?"

"அதனாலதான் கேக்கறேன்."

கதவுக்கு அப்பால் தங்கையின் குரல் மங்கலாகக் கேட்டது. நான் காதைக் கதவில் வைத்தேன்.

"பதில் ரொம்ப நீளம். சுருக்கமா சொல்லணும். சின்ன வயசுலயே அவளுக்கு இது வராது" என்றேன்.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பொண்ணு புதுசு வாங்கித் தரேன்னா. நான்தான் வேணாம்னேன். வீம்பு மச்சான், வேறென்ன? கடையை மூடினதுலேர்ந்து அவளைப் பாக்கறீங்கல்ல? போன் அடிச்சா ஓடிப் போய் எடுக்கறா. ராங் நம்பர்னாக்கூட நலம் விசாரிச்சுட்டுத்தான் வெக்கறா. கோவமா பேசறவனையும் சிரிக்க வெச்சிடுவா. இந்த வேலை கெட்டுதுன்னா என்னோட குப்பையாலதான் கெட்டுது. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. அதுதான் எனக்குப் பயம்."

ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தங்கையின் குரல் வந்தது.

"அண்ணா! உங்க சட்டையைப் பாருங்க!"

பார்த்தேன். சட்டைப்பையில் ஒரு சிறு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

உடனே அதைக் கையால் பொத்தினேன். நேர்காணல் எடுத்தவரின் காதில் இடி இடித்ததாம், தங்கை பிற்பாடு சொன்னாள்.

"அமுக்குங்க மச்சான், அமுக்குங்க!"

"எதை?"

"பட்டனை!"

"ரெண்டு பட்டன் இருக்கே!"

இரண்டையும் அழுத்தினேன். பச்சை விளக்கு இன்னும் பிரகாசமாக எரிந்தது. வாழ்நாள் முழுவதும் பிறருக்கு நிதானத்தைப் போதித்த நான், அந்த மைக்கை எதிரே இருந்த தண்ணீர்க் குவளைக்குள் போட்டேன். விளக்கு அணைந்தது.

"ஐயோ, அதைக் காய வெச்சா..." என்று தொடங்கிய மாப்பிள்ளை, தம் தலையில் தாமே குட்டிக்கொண்டு நிறுத்தினார்.

கதவைச் சிறிது திறந்து பார்த்தோம். எமர்ஜென்சி விளக்கின் வெளிச்சத்தில் தங்கை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வானொலிப் பெட்டியிலிருந்து ஓர் அம்மையாரின் குரல் கேட்டது.

"யாரும்மா அவங்க?"

தொலைக்காட்சி என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"ஒருத்தர் என் வீட்டுக்காரர் மேடம். இன்னொருத்தர் எங்க அண்ணன், ரிட்டயர்டு வாத்தியார். இந்த மைக்கு, லைட்டு எல்லாம் என் வீட்டுக்காரர் ஒட்டு போட்டது. தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க. விட்ட இடத்துலேர்ந்து பேசலாமா?"

மாப்பிள்ளை என் முழங்கையைப் பிடித்திருந்தார், பிடி வலித்தது.

"சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க" என்றது பெட்டி. "ஒருத்தர் எங்க மெஷினைத் தானே கழட்டிட்டாரு. இப்போ போன் பண்ணி உங்க மெஷினே சரியில்லைன்னு கத்தறாரு. என்ன சொல்வீங்க?"

தங்கை ஒரு நொடியும் யோசிக்கவில்லை.

"கழட்டினது தப்புன்னு சொல்ல மாட்டேன் மேடம். சொன்னா இன்னும் ரெண்டு எடத்துல கழட்டுவாரு. எத்தனை ஸ்குரூ மிச்சம் இருக்குன்னு கேப்பேன்."

பெட்டி கரகரத்தது. வானொலி பழுதடைந்துவிட்டதென்று மாப்பிள்ளை அஞ்சினார். அந்த அம்மையார் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் வேலை உறுதியாயிற்று. நிறுவனத்தார் இரண்டு நிபந்தனைகள் விதித்திருந்தனர்: சத்தமில்லாத தனியறை வேண்டும், தரமான ஹெட்போன் வேண்டும். மகள் லேப்டாப்பை அனுப்பிவைத்தாள். இம்முறை அதை யாரும் மறுக்கவில்லை.

நான் போய்ப் பார்த்தபோது பின்னறை காலியாக இருந்தது. மிக்சிகளும் டார்ச்சுகளும் மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கியிருந்தன. மாப்பிள்ளை படிக்கட்டில் அமர்ந்து ஏதோ ஓர் இஸ்திரிப் பெட்டியின் வயிற்றைத் திறந்திருந்தார். சாத்திய கதவுக்குப் பின்னால், "சொல்லுங்க சார், தண்ணி எந்தப் பக்கம் ஒழுகுது?" என்று தங்கை யாரிடமோ பரிவோடு விசாரித்துக்கொண்டிருந்தாள். ஹெட்போனை மாப்பிள்ளையே கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கி வந்தாராம்.

எனக்குச் சற்று மனத்தாங்கல்தான். சோதனைக்கு அழைப்பே வரவில்லையே!

"ஹெட்போனை யார்மேல சோதிச்சுப் பார்த்தீங்க, மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"யார்மேலயும் இல்ல மச்சான். பெட்டியை அவளே பிரிச்சா."