ஈரம் குடிக்கிற பெட்டி

கண்ணுக்குத் தெரியாத ஓட்டைய விக்கிறதுதான் எங்க தொழில். சிரிக்காதீங்க. கடை கடையா ஏறி எறங்கிக் கால் ஓஞ்சவங்க யாராச்சும் இதைப் படிச்சா, உங்களுக்கு விளக்கமே வேணாம். வாங்க, பக்கத்துல உக்காருங்க.

மத்தவங்களுக்குச் சொல்றேன். ஸ்ரீ கெம்பாங்கான்ங்கிற ஊர்ல எங்க சின்ன கம்பெனி ஒரு ஆரஞ்சுப் பொடி செய்யுது. பேரு சகப்பிணைப்புக் கரிமக் கட்டமைப்பு. பேரைக் கேட்டதும் பாதிப் பேர் எழுந்திரிச்சு டீ குடிக்கப் போயிடுவாங்க. விஷயம் இதான்: கார்பன், நைட்ரஜன் மாதிரி லேசான அணுக்கள் கெட்டியா கைகோத்து, தேன்கூடு மாதிரி பிசகாம அடுக்கின படிகம். உள்ள பூரா ஓட்டை. காத்துல இருக்கிற ஈரம் அதுக்குள்ள போயி உக்காந்துக்கும். லேசா சூடு காட்டினா தண்ணியா வெளிய வந்துடும். பொடி மறுபடி காலி, மறுபடி குடிக்கும்.

அந்தப் பொடிய ஃபேனும் ஹீட்டரும், அடியில தண்ணி சொட்ட ஒரு கப்பும் வச்ச பெட்டிக்குள்ள போட்டு, மூணு பேர்கிட்ட சும்மாவே சோதனைக்குக் குடுத்தோம். பெட்டிங்களப் பாத்துக்கிறது என் வேலை. சோதனை முடிஞ்சும் ஒருத்தராச்சும் வேணும்னு கேட்டாத்தான் எனக்கு அந்த வேலை. என் பாஸ் லிம் பூசி மெழுகல. "ஒன் கஸ்டமர் வான்ட், வீ கோ ஆன். நோபடி வான்ட், சாரி லா."

பூச்சி உருண்டை

கிள்ளான்ல துணிக்கடை வச்சிருக்கிற பாய், பட்டுச்சேலை ரூம்ல பெட்டிய வச்சாரு. மொத வாரமே கப்பு நெறைய தண்ணி. சேலை எடுக்க வந்தவங்களுக்கெல்லாம் தூக்கித் தூக்கிக் காட்டினாரு. எனக்கு தே தாரிக் டீ வேற. அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் போனா, கப்பு காஞ்சு கெடக்கு.

பெட்டியத் தொறந்தா குப்புனு பூச்சி உருண்டை வாடை. மழை வருதுன்னு சேலைக்கு நடுவுல கை கையா அள்ளிப் போட்டிருக்காரு. அந்த ஆவி ஓட்டையிலெல்லாம் எடம் புடிச்சுக்கிட்டா, ஈரம் எங்க போயி உக்காரும்? சூடு காட்டினாலும் அது எறங்கற மாதிரி இல்ல. உருண்டைய எடுத்துடுங்க பாய்னு கெஞ்சினேன். அவரு கோவப்படவே இல்ல.

"தங்கச்சி, உருண்டை எங்க அத்தா காலத்துல இருந்து இந்தக் கடையில இருக்கு. உங்க பெட்டி இப்பத்தான் வந்துச்சு. யாரு போகணும்னு நீங்களே சொல்லுங்க."

பத்து பெட்டி

சுபாங் ஜெயாவுல ராஜி ஆன்டி வீட்டுலயே முறுக்கு சுட்டு விக்கிறவங்க. டப்பா அடுக்கற ரூம்ல எங்க பெட்டி. முறுக்கு நமுக்கல. ஆனா பெட்டி வேணும்னு ஒரு வார்த்தை வாயில இருந்து வரல. திடீர்னு ஒரு காலையில ஃபோன்: "உடனே பத்து பெட்டி கொண்டு வாம்மா!" எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. லிம்முக்கு மெசேஜ் போட்டுட்டு, இருந்த ரெண்டைத் தூக்கிக்கிட்டு ஓடினேன்.

போனா, வாசல்ல வாளியும் பேசினும் வரிசை கட்டி நிக்குது. தாமான் பூரா, எல்லா வீட்டுலயும் தண்ணி கட். காத்துல இருந்து தண்ணி எடுக்கும்னு நான் பெருமையடிச்சது ஆன்டிக்கு அன்னைக்குத்தான் ஞாபகம் வந்திருக்கு. நாள் பூரா ஓடினாலும் ஒரு கப்புதான் ஆன்டின்னு மெதுவாச் சொன்னேன். உள்ள போயி, ஓடிக்கிட்டிருந்த பெட்டியப் பிடுங்கி என் கையில குடுத்து, கப்பையும் மேல வச்சாங்க.

"இதுல என் தோடு குளிக்கும். நான் எங்க போயி குளிக்கிறது?"

பாக்கலாம்மா

மிச்சம் பிரிக்ஃபீல்ட்ஸ் ஒண்ணுதான். இசைக்கருவிக் கடை சிவா அங்கிள். ஈரம் பட்டா மிருதங்கத் தோல் தொய்யும், வீணை மரம் உப்பும். எங்க பெட்டிக்குன்னே பொறந்த கடை. வாராவாரம் போயி, வச்சுக்கிறீங்களா அங்கிள்னு கேப்பேன். நம்மாளுங்க சொல்ற இந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"பாக்கலாம்மா."

பூசைக்கு மறுநாள்

சரஸ்வதி பூசை முடிஞ்சதும் பெட்டிய எடுத்துட்டு வந்துடுன்னு லிம் சொல்லிட்டாரு. பார்க்கிங் தேடி பிரிக்ஃபீல்ட்ஸையே சுத்தினேன். எடம் கெடைக்கக் கூடாதுன்னுதான் மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன். கெடைச்சுடுச்சு.

கடைக்குள்ள மிருதங்கம், வீணை, ஹார்மோனியம் எல்லாம் வரிசையா, சந்தனமும் குங்குமமுமா இருந்துச்சு. வரிசைக் கடைசியில எங்க பெட்டி. மேல மல்லிகைச் சரம். காத்து உள்ள போற கம்பி வலை மேல தாராளமா, தடியா, சந்தனம். நடுவுல குங்குமம். உள்ள ஃபேன் முனகுது, கப்புல சொட்டுத் தண்ணி இல்ல.

"ஐயோ அங்கிள், அது மூச்சு விடற எடம்!"

"நெத்தின்னு நெனச்சேன்மா," அங்கிள் தலைய சொறிஞ்சாரு.

எனக்குச் சிரிக்கவும் தெம்பு இல்ல, அழவும் தெம்பு இல்ல. பரவால்ல அங்கிள், எப்படியும் எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்னு ப்ளக்குல கை வச்சேன். அவரு சட்டுனு குறுக்க வந்து நின்னுட்டாரு.

"என்னாம்மா பேசறே? நம்ம சாமானுக்குத்தானே பொட்டு வைப்போம்? பொட்டு வச்சதை எவனாச்சும் வெளிய அனுப்புவானா?"

ஆக, எனக்கு இன்னும் வேலை இருக்குங்க. அதுல மொத வேலை, காஞ்சு போன சந்தனத்தைச் சுரண்டறது.