சபாங் கரையில் சொன்ன பேர்

செண்பகவல்லிக்குப் பயம் வரக் காரணம் என்று ஒன்று வேண்டியதில்லை. இலஞ்சியில் பிறந்து தென்காசியில் வாழ்க்கைப்பட்டவள். வண்டிமாடு தலையை ஆட்டினால் பயம். இடி இல்லாமல் மின்னினால் பயம். வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தால் அதைவிடப் பயம். இவ்வளவு சிரிப்பைக் கொடுத்த தெய்வம் பதிலுக்கு எதையாவது வாங்காமல் விடுமா என்பாள்.

அப்பேர்ப்பட்டவள் கப்பலேறிப் பினாங்குக்குப் போனது தெருவுக்கே அதிசயம். புருஷன் நம்பிராஜனுக்கு அங்கே தென்காசிப் பக்கத்து வடகரை ராவுத்தர் ஒருவரின் பலசரக்குக் கடையில் கணக்கெழுதும் வேலை. மாமியார் காலமான பிறகு தென்காசி வீட்டில் ஒற்றையாய்க் கிடக்கிற பயம் பெரிதா, கடல் பயம் பெரிதா என்று ஒரு மாதம் தராசில் வைத்துப் பார்த்தாள். ஒற்றைப் பயம்தான் கனத்தது. போய்ச் சேர்ந்தாள்.

பினாங்கு ஓரளவு பழகி வந்த நேரத்தில், நோன்புப் பெருநாளுக்குக் கடையை ஒரு வாரம் அடைத்தார் ராவுத்தர். "ஓய் நம்பிராஜன், சபாங்குல எந் தங்கச்சி நூர்நிஷா இருக்கா. பெருநாள் சீரைக் கொண்டு போய்க் குடுத்துட்டு, வீட்டுக்காரியையும் கூட்டிட்டு நாலு இடம் பாத்துட்டு வாரும். கப்பல் சீட்டு எம் பொறுப்பு" என்றார்.

சபாங் என்பது சுமத்ராவுக்கு வடக்கே, டச்சுக்காரர் ஆளுகையில் இருந்த சின்னத் தீவின் துறைமுகம். பெரிய கப்பல்கள் கரி ஏற்ற அங்கே நின்று போகும். நம்பிராஜனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. செண்பகவல்லி அன்றைக்கே திருநீற்றைப் பொட்டலம் கட்டி முந்தியில் முடிந்துகொண்டாள்.

நூர்நிஷா அகலமான பொம்பிளை. வாய் நிறைய வெற்றிலை. துறையிலிருந்து வந்தவர்களை வாசலிலேயே மறித்துக்கொண்டு பேசினாள்.

"வா புள்ள. ஒனக்குன்னு புதுப்பானை வாங்கி, பின்னால புது அடுப்பும் கூட்டி வச்சிருக்கேன். ஒஞ் சோத்த நீயே பொங்கிக்கோ. எங்க கெணத்துத் தண்ணியாவது குடிப்பியா, அதையும் தென்காசிச் சித்தாத்துலேருந்து மோந்து வந்திருக்கியா?"

"குடிப்பா அக்கா. உள்ளே என்ன கெடக்குன்னு மூணு தடவை குனிஞ்சு பாத்துட்டுக் குடிப்பா" என்றான் நம்பிராஜன்.

செண்பகவல்லி தலையைக் குனிந்து கொண்டாள். ஊர்ப் பேச்சைக் காதால் கேட்டதில் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

மறுநாள் சந்தைக்குப் போனார்கள். கருவாட்டையும் இறாலையும் இடித்துப் பிசைந்த ஏதோ ஒன்றின் வாடை தெருமுனையிலேயே வந்து மூக்கைப் பிடித்தது. எந்தப் பண்டத்தைப் பார்த்தாலும் அதில் அது இருக்குமோ என்று சேலைத் தலைப்பால் மூக்கை மூடினாள். ஆனால் பழக்கடையில் கை தானாகவே இறங்கிவிட்டது. மங்குஸ்தான். குற்றாலத்தில் சீசனுக்கு நாலு கூடை வந்தால் பெரிய மனிதர் வீட்டுக்குப் போய்விடும் பழம். இங்கே சாக்கை விரித்துக் குவித்திருந்தார்கள். ரம்பூட்டான் ஒரு பக்கம், முள்ளும் நாற்றமுமாகத் துரியன் ஒரு பக்கம். மங்குஸ்தானை உள்ளங்கையில் வைத்து அழுத்தி, ஊதாச் சாறு சேலையில் படாமல் பிளந்து தின்றாள். வாழையிலையில் மடித்து வேகவைத்த தேங்காய்ப்பூரண அடையையும், அதில் இறால் இல்லை என்று நூர்நிஷா சத்தியம் பண்ணிக்கொடுத்த பிறகு, பாதி தின்றாள்.

"நம்ம ஊரு எலை அடைதான்" என்றாள்.

"அப்பாடா. ஒரு பண்டம் தப்பிச்சிது" என்றான் அவன். அவளும் சிரித்துவிட்டாள். சிரித்தவுடன் பழைய பயம் வந்து பக்கத்தில் நின்றது.

அன்று சாயங்காலம் பெருநாள் ஆட்டம் பார்க்கக் கூட்டிப் போனாள் நூர்நிஷா. இளவட்டங்கள் வரிசையாக நின்று, ஒருவன் பாட்டெடுக்க, எல்லோரும் ஒரே தாளத்தில் இரண்டு கையாலும் நெஞ்சில் அறைந்து ஆடினார்கள். அந்த அறைச் சத்தத்தில் செண்பகவல்லி இரண்டடி பின்வாங்கினாள். புருஷன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா மாரடிக்காங்க. வாருங்க, போயிருவோம்."

"ஏட்டி, அது ஆட்டம்."

"மாருல அடிச்சா ஆட்டமா? எழவு வீட்டுல அடிக்கிறதுல்லா?"

நூர்நிஷா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "இங்கன சந்தோசத்துக்கு அடிக்கான், நம்ம ஊர்ல துக்கத்துக்கு அடிக்கோம். அடி வாங்குத நெஞ்சு என்னமோ ஒண்ணுதான். பேசாமப் பாரு புள்ள."

செண்பகவல்லி பார்த்தாள். ஆனால் மனசுக்குள் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. கெட்ட சகுனத்தைக் காசு கொடுத்துக் கப்பலேறி வந்து பார்த்தாயிற்று.

அடுத்த நாள் நம்பிராஜன் கடற்கரைக்குப் போக வேண்டும் என்று நின்றான். நூர்நிஷா வீட்டில் பெருநாள் விருந்தாளிகள். அவளால் கூட வர முடியவில்லை. வழி சொல்லும்போதே எச்சரித்தாள்: "மணல்ல உக்காந்து காத்து வாங்குங்க. மூக்கு மாதிரி ஒரு பாறை நீட்டிட்டு நிக்கும், அதுக்கு அந்தாலே போயிராதீங்க. டச்சுக்காரன் எண்ணெய் டாங்கி வச்சுக் கம்பிவேலி போட்டிருக்கான். காவக்காரன் சுட்டுட்டுத்தான் யாருன்னு கேப்பான்."

கரை வெறிச்சோடிக் கிடந்தது. தென்னைகள் தண்ணீரைத் தொடுகிற மாதிரி சாய்ந்து நின்றன. தூரத்தில் வயசான மீன்காரர் ஒருவரும் அவர் பெண்சாதியும் தோணிப் பக்கத்தில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். நம்பிராஜன் வேட்டியையும் சட்டையையும் களைந்து மனைவி மடியில் போட்டான்.

"கடலுங்க இது" என்றாள் செண்பகவல்லி. "ஆத்துல குளிக்கிற மாதிரியா?"

"ஐந்தருவியில விழுந்து எந்திரிச்சவன்ட்டயா தண்ணியக் காட்டிப் பயங்காட்டுதே? தண்ணியப் பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு சருகு மெதக்குதா? செம்மண் கலங்கல் உண்டா?"

அவன் சொன்னது குற்றாலத்துக் கணக்கு. அருவியில் ஆபத்து மேலேயிருந்து வரும். வருமுன் தண்ணீர் சிவக்கும், இலையும் குச்சியும் அடித்துவரும், சத்தம் மாறும். அதைக் கண்டதும் ஓடிவிட வேண்டும். தெளிந்த தண்ணீர் கொல்லும் என்று தென்காசியில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. செண்பகவல்லியும் அந்த ஊர்க்காரிதான். தண்ணீர் கலங்கவில்லை என்பது அவளுக்கும் கொஞ்சம் தைரியமாகவே இருந்தது. மீன்காரர் எழுந்து நின்று, கையை வெளிப்பக்கமாக இழுத்து இழுத்து ஏதோ காட்டினார். "தோணியில வாறியான்னு கேக்காரு" என்று சொல்லி, வேண்டாம் என்று கையாட்டிவிட்டு நம்பிராஜன் இறங்கினான்.

முதலில் மார்பளவில் நின்று அவளைப் பார்த்துச் சிரித்தான். பிறகு நீந்தினான். கரையைப் பார்த்துத்தான் நீந்தினான். ஆனால் கரை அவனிடம் வரவில்லை. கை வீசும் வேகம் கூடக்கூட அவன் தலை சின்னதாகிக்கொண்டே போனது. ஓடை போல ஒரு நீரோட்டம், மேலே சுருக்கம்கூட இல்லாமல், அவனைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் மூக்குப் பாறையைத் தாண்டித் திருப்பிவிட்டது. தலை மறைந்தது.

செண்பகவல்லி கத்தவில்லை. புருஷன் வேட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மீன்காரரிடம் ஓடினாள். சொல்ல மொழி இல்லை. பாறையைக் காட்டினாள், வேட்டியைக் காட்டினாள். அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். கிழவர் அதற்குள் தோணியைத் தள்ளிவிட்டார். கிழவி செண்பகவல்லியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கடலைப் பார்த்து உட்காரவே நடுங்குகிறவள், இரண்டு சாண் பலகைக்குள் கடல்மேல் உட்கார்ந்திருந்தாள். நடுங்கக்கூட நேரமில்லை.

பாறையைச் சுற்றினார்கள். அந்தப் பக்கம் அலை உடைந்து வெள்ளையாக நுரைத்தது. கூர்கூரான கருங்கற்கள், அவற்றுக்கு மேலே கம்பிவேலி. ஆள் இல்லை. கிழவர் வாயில் கை குவித்து அவர் பாஷையில் கூவினார். கூவியதும் ஒரு கல்லுக்குப் பின்னால் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. அசைந்தது உடனே பதுங்கிவிட்டது. செண்பகவல்லிக்குப் புரிந்துபோயிற்று. அந்நியக் குரல் கேட்டால் அவர் வர மாட்டார். காவல்காரன் என்று நினைத்து இன்னும் இறுக ஒளிந்துகொள்வார். அலையோ ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் போன தடவை நனையாத கல்லை நனைத்துவிட்டுப் போனது.

"இங்கேருங்க" என்று கத்தினாள். காற்று அதை வாங்கிக் கிழித்தது. "என்னங்க" என்றாள். அது கடற்பறவை கத்துகிற மாதிரி இருந்தது. சொந்தத்தில் இல்லாத அசல் சம்பந்தம் என்பதால் அத்தான் என்று கூப்பிடுகிற முறையும் இல்லை.

கிழவி அவள் தோளை உலுக்கினாள். பாறையைக் காட்டி, "நாமா? நாமா?" என்றாள். பெயரைக் கேட்கிறாள் என்று விளங்கியது.

புருஷன் பேரைப் பொண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும். பால்குடி மறந்த நாளிலிருந்து கேட்டது. பினாங்குத் துறையில் வெள்ளைக்கார ஆபீசர் கேட்டபோதுகூட, கூட வந்த பாளையங்கோட்டைக்காரர் ஒருவர்தான் அவளுக்காகச் சொன்னார். உயிர் நூலில் தொங்குகிற நேரத்தில், அந்த நூலை நானே அறுக்கவா என்று செண்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். ஓர் அலை வந்து அந்தக் கல்லை முழுசாக மூடித் திறந்தது.

அவள் கையை எடுத்தாள்.

அந்தப் பேரை உரக்கச் சொல்லி அவள் கேட்டது மாமியார் வாயில் மட்டும்தான். பொழுது சாய்ந்தும் ஆற்றைவிட்டு ஏறாத மகனை, வளர்ந்து மீசை வைத்த பிறகும், படித்துறையில் நின்று கூப்பிடுவாள். செண்பகவல்லிக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. அதே ராகத்தில்தான் வந்தது.

"ஏலே நம்பீ... வெளிய வாலே..."

கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை மெதுவாக எழுந்தது.

தோணிக்குள் இழுத்துப் போட்டபோது உடம்பெல்லாம் கீறல், இரத்தமும் உப்பும். பல் தந்தியடித்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது.

"எங்கம்மை கூப்பிட்டா" என்றான். "செத்தவ கூப்பிடுதாளே, முடிஞ்சுதுன்னு நெனச்சேன். இருந்தாலும் அம்மை கூப்பிட்டா போகணும்லா. அதான் எந்திரிச்சேன்."

"மொதல்ல நான் கூப்பிட்டது கேக்கலையா?"

"யாரோ பொம்பிளை கத்துதது கேட்டுச்சு. நீன்னு எப்படித் தெரியும்? நீ என்னைக்குச் சத்தம் போட்டிருக்கே?"

செண்பகவல்லி வேட்டியை அவன்மேல் போர்த்தினாள். கூப்பிட்டது யார் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் கிழவி விடவில்லை. வழியெல்லாம் "நம்பீ, நம்பீ" என்று சொல்லிச் சொல்லிச் செண்பகவல்லியைக் காட்டி, தன் நெஞ்சில் தட்டிக்கொண்டு சிரித்தாள். நம்பிராஜன் கிழவியைப் பார்த்தான். பிறகு மனைவியைப் பார்த்தான். அவள் தோணிக்கு வெளியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் நூர்நிஷா மஞ்சளை அரைத்துக் கீறலுக்குப் போட்டாள். சங்கதி முழுவதையும் செண்பகவல்லியிடம் தனியாகக் கேட்டு வாங்கினாள்.

"நானும் எம் மாப்பிள்ளை பேரச் சொன்னதில்ல புள்ள. ஏசணும்னா அவுக அத்தா பேரச் சொல்லி ஏசுவேன். நீ ஒரேயடியா 'ஏலே'யும் சேத்துல்லா போட்டுட்டே?"

"பரிகாரம் ஏதாவது உண்டுமாக்கா?"

"மனுசன் முழுசா வந்து உக்காந்திருக்கான். இன்னும் என்னத்தப் பரிகாரம்?"

அந்தப் பதில் செண்பகவல்லிக்குப் போதவில்லை. பினாங்கு திரும்பியதும் அவனுக்கு மலைக்காய்ச்சல் வந்தது. அதைக் கொண்டுவந்தது தான் சொன்ன பேர்தான் என்றே நினைத்தாள். காய்ச்சல் விட்டது. மறுவருஷம் வயிற்றுவலி, அதுவும் பேர்தான். உலக யுத்தம் மூளுமுன்னே ஊர் திரும்பி, தென்காசியில் சின்னதாய் ஒரு பலசரக்குக் கடை வைத்தார்கள். அவன் கடைக்குப் போய் வருவதற்குள் அவள் வாசலுக்கு எத்தனை நடை நடந்தாள் என்பது வாசல்படிக்குத்தான் தெரியும். குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில் அவனுக்குத் தலைவலி என்று தானே சொல்லி அருவிக்கு விடாமல் பிடித்து வைப்பாள். தலைவலி அவனுக்கு இல்லை, அவளுக்கு. பண்பொழி திருமலைக் குமாரசாமிக்கு வருஷம் ஒருமுறை படியேறி வருகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வருஷம் நம்பிராஜனும் கூட ஏறினான். இறங்கும்போது பாதிப்படியில் கேட்டான்: "வருசா வருசம் எதுக்குட்டி மூச்சு வாங்க வாங்க ஏறுதே? நமக்குப் பிள்ளைகளும் இருக்கு, கடையும் ஓடுது."

அவள் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் இறங்கினாள்.

"அன்னைக்குத் தோணியில வச்சு வாய் தவறிட்டேன்லா. அதுக்குத்தான்."

"எனக்குத் தெரியாதாக்கும். அந்தக் கெழவி அன்னைக்கே சொல்லிட்டாளே." அவன் நின்றான். "நீ சொல்லலைன்னா அன்னைக்கே எங் கணக்கு முடிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் ஓடுததெல்லாம் மிச்சம்தான் செண்பகம்."

"மிச்சம்னா தீரும்லா" என்றாள் அவள்.

அன்று சாரல் வேறு பிடித்திருந்தது. படியெல்லாம் நனைந்து மினுமினுத்தது. அவன் முன்னால் நடக்கத் திரும்பினான். செண்பகவல்லி, நாலு பேர் பார்க்கிறார்கள் என்றும் பாராமல், அவன் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"மெதுவா எறங்குங்க."