மாரீஸ்வரி அக்காவும் மண்டபத்து ரெஸ்லிங்கும்

மாரீஸ்வரி அக்கா இறந்துவிட்டார்.

நேற்றுக் காலை எங்கள் ரெஸ்லிங் வாட்ஸ்அப் குரூப்பில்தான் பார்த்தேன். நம்பவில்லை. அந்தக் குரூப்பில் வாரத்துக்கு ஒருவருக்குக் கால் உடையும், மறுவாரம் அவரே ஓடி வந்து குதிப்பார். இதுவும் ஷோவுக்காகக் கட்டிவிட்ட ஏதோ ஸ்டோரி என்றுதான் நினைத்தேன்...

அக்கா நம்பருக்கே அடித்தேன். அவர் கணவர் எடுத்தார்.

"நெசந்தான் தாயி. நெஞ்சு வலின்னா. ஆஸ்பத்திரி போற வழியிலேயே..."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அருப்புக்கோட்டையில் ஒரு மில் ஆபீசில் எனக்கும் அக்காவுக்கும் பக்கத்துப் பக்கத்து சீட். அவர் காரியாபட்டியிலிருந்து வருவார், நான் திருச்சுழியிலிருந்து.

நான் வேலைக்குச் சேர்ந்தது விவாகரத்து ஆன புதிதில். கட்டியவர் வேறொரு குடும்பம் வைத்திருந்தது ஊருக்கே தெரியும். எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு எதையும் நம்ப முடியவில்லை. இரண்டு பேர் சிரித்துப் பேசினால் என்னைப் பற்றித்தான். யாராவது டீ வாங்கித் தந்தால், எதற்கு? தூக்கம் போச்சு. மதுரை டாக்டர் மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரை மேலேயே சந்தேகம்.

அக்கா மேலும்தான். மதியம் சாப்பிடும்போது டிபன் பாக்ஸில் போனைச் சாய்த்து வைத்து எதையோ பார்ப்பார். நான் பக்கத்தில் போனால் சட்டென்று கவிழ்த்துவிடுவார். என்னை வீடியோ எடுக்கிறாரோ என்றுகூட நினைத்தேன்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "என்னக்கா மறைக்கிறீங்க?"

வெட்கப்பட்டுக்கொண்டே காட்டினார். ஏதோ ஒரு சின்ன ஹால். ஒரு தடியன் இன்னொரு தடியனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறான்.

"யாருகிட்டயும் சொல்லிராத புள்ள. இந்த வயசுல இதப் பாக்குறேன்னா சிரிப்பாக."

டிவியில் வரும் பெரிய கம்பெனி ரெஸ்லிங் அவருக்குப் பிடிக்காது. சின்னக் குழுக்கள்தான் பிடிக்கும். குடோன், மண்டபம் என்று கிடைத்த இடத்தில் ரிங் போட்டு, தாங்களே போஸ்டர் ஒட்டி, தாங்களே சண்டை போடுகிறவர்கள்.

"எல்லாம் டிராமாதானேக்கா? யாரு ஜெயிப்பான்னு முன்னாடியே பேசி வச்சிருப்பாங்க."

"டிராமான்னு சொல்லிட்டுத்தான புள்ள பண்றாக. சொல்லாமப் பண்றவுகளத்தான் நீ பாத்துட்டியே."

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு அவரோடு பேசவில்லை.

அடுத்த வாரம், "ஞாயித்துக்கெழம மதுரப் பக்கம் ஒரு மண்டபத்துக்குப் போறேன், வாரியா?" என்று கேட்டார். மண்டபம் என்றதும் யாரோ மாப்பிள்ளையைக் காட்டத்தான் கூப்பிடுகிறார் என்று முடிவே செய்துவிட்டேன். நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன்.

போனால் நிஜமாகவே ரெஸ்லிங். மணமேடை இருக்க வேண்டிய இடத்தில் ரிங். பைக் மெக்கானிக், ஜிம் மாஸ்டர், கொரியர் டெலிவரி செய்கிறவர்... எல்லாரும் சுற்றுவட்டாரத்துப் பையன்கள்.

கறுப்பு பேன்ட் போட்ட வில்லன் ஒருவன், சிரித்தபடி கூட்டாளிக்குக் கை கொடுத்தான். இன்னொரு கையில், முதுகுக்குப் பின்னால், மடக்கு நாற்காலி. ரெஃப்ரிக்குத் தெரியவில்லை. கூட்டாளிக்குத் தெரியவில்லை. உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கும்.

"ஏலே, அவன நம்பாதலே! பின்னாடி பாருலே!"

என் குரல்தான். எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் பாட்டுக்கு வில்லனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஷோ முடிந்ததும் ரிங்கைத் தட்டிப் பார்த்தேன். உள்ளே பஞ்சு மெத்தை இருக்குமோ என்று. அந்த வில்லனே வந்தான்.

"சந்தேகமாக்கா? படுத்துப் பாருங்க."

படுத்துப் பார்த்தேன். பலகை. மேலே ஒரு மெல்லிய விரிப்பு, அவ்வளவுதான்.

"வலிக்காதாப்பா?"

"வலிக்கும்க்கா. நாளைக்கு லீவு சொல்லிட்டேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் தூங்கிவிட்டேன். அக்கா காரியாபட்டியில் இறங்கியதே தெரியாது. திருச்சுழி வந்ததும் கண்டக்டர்தான் எழுப்பினார். அப்படித் தூங்கி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு எந்த ஷோவையும் விட்டதில்லை. மாத்திரையையும் ஒழுங்காகப் போட ஆரம்பித்தேன். "போட்டியா?" என்று அக்கா தினமும் கேட்பார். குரூப்பில் முகம் தெரியாத ஆட்கள் "சாப்பிட்டீங்களாக்கா" என்று கேட்டால், ஒவ்வொருவர் போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்து யாரென்று ஆராய்வேன். இப்போதும் கொஞ்சம் ஆராயத்தான் செய்கிறேன்.

நேற்று வீட்டுக்குப் போனபோது அக்காவின் கணவர் சொன்னார். மதுரையில் கல்யாணம் என்று ஆபீசில் லீவு சொல்லிவிட்டு அக்கா போனதெல்லாம் இதய டாக்டரைப் பார்க்கத்தானாம்.

உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவள் நான். அந்தக் கல்யாணங்களைச் சந்தேகப்படவே இல்லை...

எடுக்கும் நேரத்தில் ரிங் பையன்கள் வந்து நின்றார்கள். மொட்டைத்தலை, பச்சை குத்திய கை, உடைந்த மூக்கு. தெருவே அவர்களைத்தான் பார்த்தது. அக்காவின் தம்பி மறித்துக்கொண்டார்.

"யாருப்பா நீங்க? எந்த ஊரு? யாரு சொல்லி வந்தீக?"

வில்லனாக வருகிற பையன் அழுதுகொண்டிருந்தான். நான்தான் சொன்னேன், ரெஸ்லிங் பையன்கள், அக்கா இவர்கள் ஷோவுக்கு வருவார் என்று.

"ரெஸ்லிங்கா? எங்கக்காவா?" தம்பி என்னையும் சேர்த்து முறைத்தார். "பாடையத் தொடாதீக. நாங்க இருக்கோம்."

அக்காவின் கணவர் எழுந்து வந்தார். அந்தப் பையன்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம எங்க போயிட்டு வாரான்னு நானும் ரொம்ப நாளா மனசுக்குள்ள வச்சு மருகிக்கிட்டுத்தான் இருந்தேன். கேட்டதில்ல. ஆனா வரும்போது சிரிச்சுக்கிட்டே வருவா." தம்பியின் தோளில் கை வைத்தார். "தூக்கட்டும்யா. விடு."

வாரா வாரம் ஆளைத் தூக்கி அடிக்கிறவர்கள். தெருமுனை வரைக்கும் ஒரு குலுங்கல் இல்லாமல் கொண்டு போனார்கள்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

மாரீக்கா... நல்லபடியாப் போயிட்டு வாங்க.