எப்ப ஆரம்பிச்சுது?

மேற்குத் தாம்பரத்து மருந்துக்கடையில் மருந்து கொடுக்கும் பெண்மணி கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றிருந்தார். புழுக்கத்திலும் ஸ்வெட்டர், மாஸ்க். யார் இருமினாலும் முதலில் ஒரே கேள்விதான்.

“எப்ப ஆரம்பிச்சுது சார்?”

“நேத்து சாயந்திரம்,” என்றேன் நான். “ட்ரெய்ன் பல்லாவரம் தாண்டும்போது திடீர்னு குளிரெடுத்துது, உடம்பெல்லாம் வலி. சும்மா சளிதான். மாத்திரை குடுங்க, ஆபீஸ் போகணும்.”

“சளி மெதுவா வரும் சார், எப்ப வந்துச்சுன்னே தெரியாது. நீங்க ஸ்டேஷன் பேரே சொல்றீங்க. ஃப்ளூ மாதிரி இருக்கு. டாக்டரைப் பார்த்துட்டு வீட்ல படுங்க.”

அவர் கண்கள் சிவந்திருந்தன.

“உங்களுக்கு எப்ப மேடம்?” என்று கேட்டேன்.

“காலையில, ஷட்டரைத் தூக்கும்போது,” என்றவர் அடுத்தவரிடம் திரும்பினார். “எப்ப ஆரம்பிச்சுது?”

நான் மூன்று நாள் படுத்திருந்தேன். ‘நீங்களும் போய்ப் படுங்கள்’ என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.